டி.எச். ரோட்டில் ட்ரோனுக்குக் காப்பீடு: லாரிக்காரர்களோடு உட்கார்ந்து வாங்கிய பாலிசி

தண்டையார்பேட்டையில், பலகையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை என்றும் பேச்சில் டி.எச். ரோடு என்றும் வழங்கும் சாலையில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில் இயங்கும் காப்பீட்டுத் தரகு அலுவலகத்தில் என் தொழில் ட்ரோனுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்து ஓராண்டும் சில வாரங்களும் ஆகின்றன. இடையில் ஒரு விபத்து நடந்து, ஒரு கிளைம் முடிந்து, பாலிசியைப் புதுப்பித்தும் ஆகிவிட்டது. ஆகவே விற்பவர் பேச்சை மட்டும் கேட்டு எழுதிய மதிப்புரையாக இது இராது. நல்லதோடு குறையும் சொல்லப் போவதால் அலுவலகத்தின் பெயரையும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

நான் புதுவண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படப்பிடிப்புதான் முதன்மைத் தொழில். கட்டுமான நிறுவனங்களுக்கு மாதந்தோறும் வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று மேலிருந்து படம் எடுத்துக் கொடுப்பது அடுத்தது. இந்த அலுவலகத்துக்கோ ட்ரோன் என்பது ஓரத்து வியாபாரம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் லாரிகளின் பாலிசிகளைப் புதுப்பித்துக் கொடுப்பதும், விபத்து வழக்குகளுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுப்பதுமே அவர்களுக்குச் சோறு போடுகிறது. அறுபதைத் தாண்டிய அதன் உரிமையாளரை ஓட்டுநர்கள் எல்லோரும் நைனா என்றுதான் அழைக்கிறார்கள். நானும் இப்போது அப்படியே அழைக்கிறேன். லாரிக்குக் காப்பீடு போடும் இடத்தில் ட்ரோனுக்கு என்ன தெரியும் என்ற ஐயத்தோடுதான் முதல் நாள் படியேறினேன். ஆனால் ட்ரோன் காப்பீட்டைப் பற்றிச் சரியாகப் பேசக்கூடியவர்கள் லாரிக்காரர்களுக்குக் காப்பீடு போடுகிறவர்கள்தாம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. அதற்குச் சட்டமே காரணம்.

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகளில் 44ஆவது விதி, ட்ரோனின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கும், ட்ரோனால் உயிருக்கோ உடைமைக்கோ நேரும் சேதத்துக்கான இழப்பீட்டுக்கும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே தேவையான மாற்றங்களோடு பொருந்தும் என்று சொல்கிறது. வானில் பறக்கும் பொருளுக்கு விமானச் சட்டத்தின் வழியில் அல்லாமல், சாலையில் ஓடும் வண்டியின் வழியில் பொறுப்பை நிர்ணயித்திருக்கிறார்கள். இதை நைனா தம் மொழியில் சொன்னார்: “லாரி கவுந்தா ரோட்டுல இருக்கறவனுக்கு, இது வுழுந்தா கீழ நிக்கறவனுக்கு. ரெண்டும் ஒண்ணுதான் சார். மொதல்ல பேப்பரை எடுங்க.”

பேப்பரை எடுங்க என்ற அந்தச் சொல்தான் இந்தச் சேவையின் முதல் சிறப்பு. இவர்களிடம் வருவதற்கு முன் இணையத்தில் ஒரு விலைப்புள்ளியும், என் வங்கிக் கிளையில் உட்காரும் காப்பீட்டு விற்பனையாளரிடம் மற்றொன்றும் வாங்கியிருந்தேன். இணையத்தில் ஐந்தே நிமிடம்தான். ட்ரோனின் விலையைக் கேட்டார்கள், எடையைக் கேட்கவில்லை. பயன்பாடு என்ற இடத்தில் ‘பொழுதுபோக்கு’ என்பது முன்கூட்டியே தேர்வாகி இருந்தது. கவனிக்காமல் பணம் கட்டியிருந்தால், கல்யாண வீட்டில் கூலிக்குப் பறக்கவிட்ட முதல் நாளே அந்தப் பாலிசி காகிதமாகியிருக்கும். வங்கி விற்பனையாளர் நல்ல இளைஞர். ஆனால் அவர் பேசியதெல்லாம் ட்ரோன் உடைந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியே. சட்டம் கேட்பது அதை அல்ல. என் பொருள் உடைந்தால் அது என் பாடு. என் பொருளால் இன்னொருவருக்கு நேர்வதற்குத்தான் சட்டம் காப்பீடு கேட்கிறது. லாரிக்காரர் ஒருவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டி.எச். ரோட்டில் பிரீமியத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே மூன்று கேள்விகள் வந்தன. ட்ரோனுக்குத் தனி அடையாள எண், அதாவது யு.ஐ.என்., இருக்கிறதா? ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கிறதா? எங்கே, எதற்குப் பறக்கவிடப் போகிறீர்கள்? என்னுடையது உள்நாட்டில் தயாராகி வகைச் சான்று பெற்ற, 2 கிலோவுக்குக் குறைவான மைக்ரோ வகை. பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். ஆகவே தப்பித்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தொழில் நண்பர் தப்பிக்கவில்லை. அவருடையது பர்மா பஜாரில் யாரோ கைமாற்றிவிட்ட வெளிநாட்டு ட்ரோன். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களின் இறக்குமதியே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்குத்தான் விலக்கு. ரசீதும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் வந்தவரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்ட அவர்களால் முடிந்திருக்கும். “பாலிசி போட்டுத் தரலாம் தம்பி, கிளைம் வராது, அப்புறம் என்னைத் திட்டுவே” என்று திருப்பி அனுப்பினார்கள். வட சென்னையில் கல்யாண மண்டபங்களுக்கு மேலே சுற்றுகிற ட்ரோன்களில் நான் அறிந்தவரையில் பலவற்றின் நிலை இதுதான் என்பதால், இந்த மறுப்பை நான் பெரிய சேவையாகவே கருதுகிறேன்.

இங்கே பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்கள் செய்கிற ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழும் வேண்டாம், மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டாம். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனை வணிகம் அல்லாத நோக்கத்துக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் காப்பீட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. சான்றிதழ் வேண்டாம் என்று படித்தவுடன் எல்லாமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 20 கிலோவுக்குக் குறைந்த ட்ரோனைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவருக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை, தொழிலாகச் செய்பவருக்கு மட்டும் கட்டாயம். ஜெர்மனியிலோ எல்லாருக்கும் கட்டாயம். நம் நாட்டில் நோக்கத்தைப் பார்த்து அல்ல, தராசைப் பார்த்தே காப்பீட்டுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள்.

தராசு என்று நான் உவமைக்குச் சொல்லவில்லை. என் அக்கா மகன் வைத்திருக்கும் சிறிய ட்ரோன், பெட்டியில் 249 கிராம் என்று அச்சிட்டது. காசிமேட்டுப் பக்கம் பருந்தும் காக்கையும் துரத்தும் என்று அஞ்சி இறக்கைகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் மாட்டியிருந்தான். அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்மணி அதைப் பார்த்ததும், விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன்னால், எதிரேயுள்ள வெள்ளிக் கடைக்கு அனுப்பி எடை போட்டு வரச் சொன்னார். வளையத்தோடு 250 கிராமைத் தாண்டிவிட்டது. சட்டம் பார்ப்பது ட்ரோன் சுமக்கும் பொருளும் சேர்ந்த மொத்த எடையை. நீண்ட நேரம் பறக்கும் பெரிய பேட்டரியை மாட்டினாலும் இதே கதிதான். வளையத்தைக் கழற்றினால் நானோ, மாட்டினால் மைக்ரோ, மைக்ரோ என்றால் காப்பீடு. அவன் கழற்றிவிட்டான். அவர்களுக்கு அன்று ஒரு ரூபாய் வருமானம் இல்லை, வெள்ளிக் கடைக்காரருக்கும் இல்லை.

இனி, இந்தப் பாலிசியில் நான் நெடுநேரம் உட்கார்ந்து யோசித்த ஒரே இடம்: எவ்வளவு தொகைக்கு எடுப்பது? லாரிக்கான மூன்றாம் தரப்பு பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது; உயிரிழப்புக்கான பொறுப்புக்கு அங்கே உச்சவரம்பு இல்லை. ட்ரோனுக்கு அப்படி அல்ல. பிரீமியத்தை நிறுவனமே முடிவு செய்கிறது, வரம்பை நாம் தேர்ந்தெடுக்கிறோம். 10 லட்ச ரூபாய் போதும் என்று நான் நினைத்திருந்தேன். நைனா ஒரு தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பயன்படுத்தும் கணக்கு அது. உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் தந்த தீர்ப்புகளால் நிலைபெற்றது. முப்பது வயதுள்ள, சொந்தத் தொழில் செய்யும் ஒருவர் மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கிறார், மனைவியும் ஒரு குழந்தையும் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம். வருங்கால வளர்ச்சிக்கு 40 விழுக்காடு கூட்டினால் 4,20,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2,80,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 17. பெருக்கினால் 47,60,000 ரூபாய். இறுதிச் சடங்கு முதலானவை தனி. மோட்டார் வாகனச் சட்டம் ட்ரோனுக்கும் பொருந்தும் என்றால் இதே கணக்குத்தான் வரும் என்பது அவருடைய வாதம். விதியைப் படித்தவரையில் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் உள்ள மீதியை யார் கொடுப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. என் ஸ்டுடியோவின் முகவரியைப் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் 50 லட்சத்துக்கு எடுத்தேன். ஒரு கல்யாண ஆர்டரில் ட்ரோனுக்கென்று நான் தனியாக வாங்கும் கட்டணத்தைவிட, வரம்பை உயர்த்தியதால் கூடிய பிரீமியம் குறைவு.

ட்ரோனின் சொந்தச் சேதத்துக்கு நான் காப்பீடு எடுக்கவில்லை. உப்புக் காற்றால் மோட்டார் துருப்பிடிப்பது தேய்மானம் என்று விலக்குப் பட்டியலில் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையோரம் தொழில் செய்பவனுக்கு அந்த ஒரு விலக்கே பாதி நோயை வெளியே தள்ளிவிடுகிறது.

விலக்குப் பட்டியலைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்பார்வைக்கு அப்பால் ஓட்டியது, சான்றிதழ் இல்லாதவர் கையில் கொடுத்தது, கூடி நிற்கும் மக்களின் தலைக்கு மேல் பறக்கவிட்டது, அனுமதி இல்லாத வான்பகுதியில் பறந்தது ஆகிய எதற்கும் பாலிசி பொறுப்பேற்காது. கடைசியாகச் சொன்னதுதான் நம் பகுதிக்குக் கூர்மையானது. துறைமுகம், காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள் என்று வட சென்னை முழுவதும் காவலுக்குரிய இடங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தடையின்றிப் பறக்கலாம். சிவப்பு மண்டலத்தில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் அங்குலமும் ஏறக் கூடாது. போதாக்குறைக்கு, காவல்துறையோ மாநில அரசோ 96 மணி நேரம் வரை எந்த இடத்தையும் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் வான்பகுதி வரைபடத்தைப் பார்த்து, தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து வைக்கச் சொன்னார்கள். மணலியில் ஒரு கிடங்கின் கூரையைப் படம் எடுக்க வந்த ஆர்டரை இந்தப் பழக்கத்தால் விட்டுக்கொடுத்தேன். வருத்தம்தான், நல்ல தொகை.

விபத்துக்கு வருகிறேன். மே மாதம், பள்ளி விடுமுறை. திருவொற்றியூரில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பாக மண்டபத்தின் முகப்பை எடுப்பதற்காக, வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே நாற்பது அடி உயரத்தில் ட்ரோனை நிறுத்தியிருந்தேன். எங்கோ ஒரு மொட்டை மாடியிலிருந்து அறுந்து வந்த காற்றாடியின் மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றியது. தடை செய்த நூல்தான். தடை இருப்பதால் நூல் இல்லாமல் போய்விடவில்லை. ட்ரோன் நேராகக் கீழே விழுந்து, பெண் வீட்டுப் பெரியப்பாவின் காரின் பின்கண்ணாடியை நொறுக்கியது. யாருக்கும் அடி இல்லை.

அவர் கேட்டது நியாயமான ஒன்று: “கண்ணாடிக்கு ஆகுற காசை இப்பவே குடுத்துட்டுப் போ தம்பி, நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பேச்சு.” பையில் பணம் இருந்தது, கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. நைனாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்பதோ, பணம் கொடுத்து முடிப்பதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். செய்தால் கிளைம் போய்விடும் என்றார். சட்டப்படி அது சரி. ஆனால் ஒரு கல்யாண வீட்டில், பெரியவர் முன்னால், என் ட்ரோன் விழுந்து உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, தவறு என்னுடையது என்று சொல்லக் கூடாது என்று நிற்பது எவ்வளவு கூனிக்குறுக வைக்கும் என்பதை எந்தப் பாலிசித் தாளும் எழுதவில்லை. வருத்தப்படுகிறேன் என்று சொன்னேன், காப்பீடு இருக்கிறது என்று சொன்னேன், பாலிசியைக் காட்டினேன். நைனாவே பெரியவரோடு பத்து நிமிடம் பேசி, அவருடைய சொந்தக் கார் பாலிசியில் கை வைத்தால் ‘நோ கிளைம் போனஸ்’ போய்விடும், எங்கள் வழியே வருவதுதான் அவருக்கு லாபம் என்று விளக்கி ஒப்புக்கொள்ள வைத்தார். தரகர் என்பவர் சட்டப்படி வாடிக்கையாளரின் பக்கம் நிற்க வேண்டியவர், முகவரைப் போல நிறுவனத்தின் பக்கம் அல்ல என்று படித்திருக்கிறேன். நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு அறிக்கை அளிக்க வேண்டும் என்பதை அலுவலகத்துப் பெண்மணி அன்றிரவே நினைவூட்டினார். அறிக்கை, பறத்தல் பதிவு, வரைபடத்தின் படம், சான்றிதழ், மண்டபத்தில் எடுத்த படங்கள் எல்லாம் மறுநாள் போய்ச் சேர்ந்தன. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மூன்றாவது வேலை நாளில் வந்தார். ட்ரோன் மக்களுக்கு மேலே இல்லை, வண்டிகளுக்கு மேலே இருந்தது என்பதைப் பறத்தல் பதிவை வைத்து உறுதி செய்துகொண்டார். ஏழாவது வாரத்தில், நான் ஏற்க வேண்டிய ‘எக்ஸஸ்’ தொகை போக மீதி பெரியப்பாவின் கணக்கில் விழுந்தது.

ஏழு வாரம் என்பது ஒரு கார்க் கண்ணாடிக்கு மிக அதிகம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் ஒரே சான்றிதழை மூன்று முறை கேட்டது. இரண்டாம் முறை கேட்டபோது தரகு அலுவலகம் கடுமையாக எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்தில் புகார் பதியப் போகிறேன் என்று நானே மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. எக்ஸஸ் எவ்வளவு என்பதைப் பாலிசி எடுத்த அன்று வாய்மொழியாகச் சொல்லாமல் தாளில் கண்டுகொள்ள விட்டதும் குறையே. பாலிசித் தாள் முழுவதும் ஆங்கிலத்தில், நுண்ணிய எழுத்தில். ஓட்டுநர்களுக்கென்று லாரி பாலிசியின் நிபந்தனைகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துத் தருகிறவர்கள், ட்ரோனுக்கும் அதைச் செய்திருக்கலாம். புதுப்பிக்க வேண்டிய தேதியையும் நானாக நினைவு வைத்துத்தான் போனேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கேயே புதுப்பித்தேன். இம்முறை நிறுவனத்தை மாற்றச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் வேறு இரண்டு நிறுவனங்களின் விலைப்புள்ளியை அருகருகே வைத்துக் காட்டினார்கள். எக்ஸஸ் குறைவாகவும் பிரீமியம் சற்றுக் கூடுதலாகவும் இருந்ததை எடுத்தேன். 2025 செப்டம்பரில் கருத்துக் கேட்புக்காக வெளியான சிவில் ட்ரோன் சட்ட முன்வரைவிலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்றே இருப்பதால், இந்தச் செலவு குறையும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

போகிறவர்களுக்கு: யு.ஐ.என். நகல், பைலட் சான்றிதழ், ட்ரோன் வாங்கிய ரசீது, பான் அட்டை ஆகியவற்றோடு ட்ரோனையும் கையில் எடுத்துச் செல்லுங்கள், எடை பார்ப்பார்கள். பணம் கட்டிய பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும்; நாளைக் காலை முகூர்த்தத்துக்கு இன்று மாலை போய்ப் பின்தேதி போடச் சொன்னால் கேட்க மாட்டார்கள். மாதக் கடைசி வாரத்தில் டிரெய்லர்காரர்கள் படிக்கட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். செவ்வாய், புதன் காலை பதினோரு மணிக்குப் போனால் நாற்காலி கிடைக்கும்.